சினை பிடிக்காத ஆடு: ஊசிக்கு முன்னால் நாளை எண்ணுங்கள்

கிடா சேர்த்த தேதி, மறுபடியும் பருவத்துக்கு வந்த தேதி, கடைசியாகக் குட்டி போட்ட தேதி. இந்த மூன்றும் கையில் இல்லாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டால், அவர் வந்ததும் கேட்கப்போவது இவற்றைத்தான். மாட்டுக்குச் செய்வதுபோல ஆசனவாய் வழியாகக் கைவிட்டுக் கர்ப்பப்பையைத் தடவிப் பார்க்க ஆட்டில் இடமில்லை. அதனால் பாதி நோயை நாள்கணக்கு சொல்லிவிடும். மீதியில் பெரும்பகுதியை மூக்கும் தெர்மாமீட்டரும் சொல்லும். ஸ்கேன் அதற்கப்புறம்தான்.

சிங்கப்பூரின் லிம் சூ காங், கிராஞ்சிப் பக்கம் பால் ஆட்டுப் பண்ணை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஊரில் இருபது முப்பது ஆடுகளை அண்ணன் தம்பியிடம் விட்டுவிட்டு, இங்கே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் மேய்க்கிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நோட்டில் என்ன எழுதுவது

வெள்ளாடு சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 18 முதல் 22 வரை இயல்பு. செம்மறிக்கு 17 நாள். 14 முதல் 19 வரை இயல்பு. பருவம் ஒரு நாள், ஒன்றரை நாள் நிற்கும். கருமுட்டை வெளிப்படுவது அதன் கடைசிப் பகுதியில். ஆகவே காலையில் பருவம் கண்ட ஆட்டை அன்று மாலையும், இன்னும் நிற்கிறது என்றால் மறுநாள் காலையும் கிடாவிடம் விடுங்கள். கண்டவுடன் ஒருதரம் விட்டுக் கடமையை முடித்துக்கொள்வது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சினைக்காலம் வெள்ளாட்டுக்கு 150 நாள், செம்மறிக்கு 147 நாள். நாலைந்து நாள் முன்பின் ஆகலாம்.

வெள்ளாட்டின் பருவம் ஊருக்கே தெரியும்: வாலை விடாமல் ஆட்டும், கத்தும், பக்கத்து ஆட்டின் மேல் தாவும், பால் குறையும், பிறப்புறுப்பு சிவந்து ஈரமாகும். செம்மறி வாயைத் திறக்காது. கிடா இல்லாமல் அதன் பருவத்தைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். கிடாவின் நெஞ்சில் சாயக்கட்டியைக் கட்டி விடுங்கள், ஏறிய பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டும். 17 நாளுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றினால், ஒரே ஆட்டில் இரண்டு நிறம் வருகிறதா என்று பார்த்தே திரும்பப் பருவத்துக்கு வந்தவற்றைப் பிரித்துவிடலாம்.

இப்போது கணக்கு. ஒரு வெள்ளாட்டுப் பெட்டையை மார்ச் 3 அன்று கிடாவிடம் சேர்த்தீர்கள் என்று வையுங்கள்.

மார்ச் 24 அன்று மறுபடி வாலாட்டுகிறது: 21 நாள். கரு உருவாகவில்லை, அல்லது உருவாகி முதல் இரண்டு வாரத்துக்குள் போய்விட்டது.

ஏப்ரல் 4 அன்று வருகிறது: 32 நாள். கரு தங்கியிருந்து பிறகு அழிந்திருக்கிறது. தொற்று, கடும் வெயில், சத்துக் குறைவு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இது.

ஏப்ரல் 14: 42 நாள். ஆட்டுக்கு ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். நடுவில் ஒரு பருவத்தை நாம் பார்க்காமல் விட்டிருப்போம்.

மார்ச் 9: வெறும் 6 நாள். பெட்டைக் கூட்டத்தில் கிடா புதிதாக நுழைந்த சமயத்தில் 5 முதல் 7 நாளில் திரும்பி வருவது வெள்ளாட்டில் சகஜம், அடுத்த சுற்று சரியாகிவிடும். ஆனால் கிடா பழையது, ஆடு குட்டி போட்டு இரண்டு மூன்று மாதம் ஆனது என்றால் கர்ப்பப்பையில் அழற்சி இருக்கலாம்.

திரும்பி வரவே இல்லை: சினை என்று எழுதிவிடாதீர்கள். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

இன்னொரு கேள்வியையும் இதே நோட்டு தீர்க்கும். பத்தில் ஒன்று திரும்பி வந்தால் அந்தப் பெட்டையைப் பாருங்கள். பத்தில் ஏழு திரும்பி வந்தால் பெட்டைகளை விட்டுவிட்டுக் கிடாவைப் பாருங்கள். இது தெரியாமல் ஏழு பெட்டைகளுக்கும் ஹார்மோன் ஊசி போட்டுக் காசைத் தொலைத்த பண்ணைகள் உண்டு.

சிங்கப்பூரில் ஒரு விசேஷம். சானன், ஆல்பைன் போன்ற குளிர்நாட்டுப் பால் இனங்கள் பகல் குறையக் குறையப் பருவத்துக்கு வரும் இயல்புள்ளவை. இங்கே வருடம் முழுக்கப் பகல் நீளம் பத்து நிமிடம்கூட மாறுவதில்லை. அதனால் அவை எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரலாம். சில ஆடுகள் சில மாதம் சும்மாவும் இருக்கும். அதை உடனே நோய் என்று எடுக்க வேண்டாம். கிடாவை மூன்று நான்கு வாரம் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் கட்டி வைத்துவிட்டுத் திடீரென்று உள்ளே விட்டால், சும்மா இருந்த பெட்டைகள் பல விழித்துக்கொள்ளும். நம்மூர் கன்னி ஆடும் கொடி ஆடும் இந்த வம்பில்லாமல் வருடம் முழுக்கப் பருவத்துக்கு வரும்.

குட்டி போட்ட பின் முதல் பத்து நாள்

கர்ப்பப்பை நோயில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. நான்கு மாதம் கழித்துச் "சினை பிடிக்கவில்லை" என்று நாம் புலம்புவது பல சமயம் இந்தப் பத்து நாளில் நடந்ததன் பலன்.

பனிக்குடம் உடைந்து, ஆடு விடாமல் முக்கி, அரை மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் பார்த்தே ஆக வேண்டும். நகத்தை வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், முழங்கை வரை வரும் கையுறை போடுங்கள். பின்புறத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின், பொவிடோன் அயோடின் கலந்த தண்ணீரால் ஊற்றிக் கழுவுங்கள். கலவை இளம் தே-ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் இருந்தால் போதும். கோப்பிக் கறுப்பாக இருந்தால் உள்தோலைப் புண்ணாக்கும். வழுவழுப்புக் களிம்பை அளவு பார்க்காமல் பூசுங்கள். காய்ந்த கையால் இழுப்பதில்தான் உட்சுவர் கிழிகிறது. குட்டி அசையவில்லை என்றால் இழுத்துப் பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது நஞ்சுக்கொடி. பெரும்பாலும் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். 12 மணி நேரம் தாண்டியும் தொங்கினால் தங்கிவிட்டது என்று பொருள். ஆட்டின் கர்ப்பப்பையில் குமிழ் குமிழாகப் பல பத்து இடங்களில் நஞ்சு ஒட்டியிருக்கும். கையால் இழுத்தால் அந்தக் குமிழ்கள் பிய்ந்து இரத்தம் கொட்டும், அல்லது பாதி அறுந்து உள்ளேயே அழுகும். தொங்குவதில் எடையைக் கட்டி விடும் பழைய வழக்கமும் இதே கேட்டைத்தான் செய்யும். தரையில் புரளும் நீளத்தை மட்டும் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி வேலை செய்வது குட்டி போட்ட முதல் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் கூப்பிட்டு "அந்த ஊசி போடுங்கள்" என்றால் பயனில்லை. இன்னொன்று, நஞ்சைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதற்காகத் தங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆடு அதைத் தின்றும் இருக்கும்.

பிறகு தினமும் காலையில் வாலைத் தூக்கிப் பாருங்கள். ஒரு வெள்ளை டிஷ்யூத் தாளால் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். முதல் சில நாள் செம்பழுப்பு, கொஞ்சம் கொழகொழப்பு, வாடை ஏதுமில்லை என்றால் நல்லது. போகப் போகக் கருத்து, குறைந்து, இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடும். இதைப் பார்த்துப் பயந்து ஊசி போடுகிறவர்கள் நிறைய. கெட்டது வேறு மாதிரி இருக்கும்: இறைச்சி கழுவிய தண்ணீர் போல நீர்த்து, செந்நிறமாக, தாளை முகத்தருகே கொண்டு போவதற்கு முன்னாலேயே நாற்றம் வரும். தொடையிலும் வாலிலும் ஒட்டிக் காய்ந்திருக்கும். ஆடு தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பும், குட்டியைக் கவனிக்காது, பால் சட்டென்று இறங்கும். இதுதான் கடுமையான கர்ப்பப்பை அழற்சி.

உடல் வெப்பம் 38.5 முதல் 39.7 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு; 40-ஐத் தாண்டினால் காய்ச்சல். ஆனால் நண்பகலில் கொட்டகை கொதிக்கும்போது நல்ல ஆடும் அரை டிகிரி கூடக் காட்டும். ஆகவே காலை ஏழு மணிக்குள் பாருங்கள். காய்ச்சல் இறங்கி 38-க்குக் கீழே போய், காது குளிர்ந்து, ஆடு துவண்டு கிடந்தால் "தேறிவிட்டது" என்று நினைக்கக் கூடாது; நச்சு இரத்தத்தில் ஏறிவிட்டது, ஆடு சில மணி நேரத்திலேயே செத்துவிடும்.

சிகிச்சை மருத்துவருடையது: உடம்பு முழுவதும் பரவும் ஆன்டிபயாடிக், வலிக்கும் வீக்கத்துக்கும் ஊசி, தேவைப்பட்டால் குளுக்கோஸ். கர்ப்பப்பைக்குள் மாத்திரை திணிப்பது ஆட்டுக்கு ஒத்துவராது. குட்டி போட்ட ஓரிரண்டு நாளில் கருப்பை வாய் இறுகிவிடும், அப்புறம் எதை நுழைத்தாலும் கிழியும். செம்மறியில் இன்னும் கடினம். அதன் கருப்பை வாயில் ஒன்றோடொன்று நேர்கோட்டில் நிற்காத நான்கு முதல் ஏழு வளையங்கள் உண்டு. உங்கள் வேலை, ஊசிகளை இடையில் நிறுத்தாமல் முழு நாளும் போட்டு முடிப்பது. கொஞ்சம் தின்ன ஆரம்பித்ததும் நிறுத்துவதால்தான் நோய் உள்ளே பதுங்குகிறது. மருந்து போட்ட ஆட்டின் காலில் சிவப்புப் பட்டை கட்டி, மருத்துவர் சொன்ன நாள் வரை அதன் பாலைத் தனியே கறந்து கொட்டுங்கள். ஒரு ஆட்டின் பால் தொட்டியில் கலந்தால் அன்றைய தொட்டி முழுவதும் வீண்.

இதனுடன் சேர்த்து ஒரு தடுப்பு: ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியைக் குட்டி போட நான்கு வாரம் இருக்கும்போது போட்டுவிடுங்கள். கிழிந்த கர்ப்பப்பை அந்தக் கிருமிக்கு வாசல். சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு கிடைக்கும்.

காய்ச்சல் இல்லாத நோய்

மூன்று வாரம் கழிந்தும் வாலடியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சளி தெரிகிறது, ஆடு நன்றாகத் தின்கிறது, ஆனால் சேர்த்த ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறது. உட்சுவரில் தங்கிவிட்ட அழற்சி இது. கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர நான்கு வாரம் ஆகும். அதற்குமுன் கிடா சேர்ப்பதே தப்பு. சில ஆடுகளில் கருப்பை வாய் மூடி, சீழ் உள்ளே தேங்கும். அப்போது பருவமும் நின்றுவிடும். இரண்டுக்கும் ஸ்கேன் பார்த்த பிறகே மருந்து.

சினை மாதிரி, ஆனால் சினை இல்லை

வெள்ளாட்டுக்காரர்கள் ஏமாறும் இடம் இது. மார்ச் 3 அன்று சேர்த்த அதே ஆடு திரும்பிப் பருவத்துக்கு வரவில்லை. வயிறு பெருக்கிறது. ஜூலை 31 வாக்கில் குட்டி எதிர்பார்த்துத் தனிக் கொட்டடியில் வைக்கோல் பரப்பி வைக்கிறீர்கள். மடி சரியாக இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் வைக்கோல் நனைந்து கிடக்கிறது, வயிறு வற்றிவிட்டது, குட்டியும் இல்லை, நஞ்சும் இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று சண்டைகூட வரும். நடந்தது என்னவென்றால், கர்ப்பப்பை முழுக்கக் கிருமியில்லாத தெளிந்த நீர் சேர்ந்திருந்து, ஒரே நாளில் கொட்டிவிட்டது.

சூலகத்தில் சினையைக் காக்கும் மஞ்சள் திட்டு கரையாமல் நின்றுவிடுவதே காரணம். புரோஜெஸ்டிரோன் சோதனை செய்தால் "சினை" என்றே வரும், ஏனென்றால் அந்தத் திட்டு சுரப்பதும் அதே ஹார்மோன்தான். நஞ்சிலிருந்து வரும் புரதத்தைத் தேடும் இரத்த, பால் சோதனைகள் ஒரு மாதத்துக்குப் பிறகு சரியாகச் சொல்லும். எல்லாவற்றிலும் நல்லது ஸ்கேன். மார்ச் 3-இல் சேர்த்திருந்தால் ஏப்ரல் 7-இல் 35 நாள். அன்று முதல் வயிற்றின் வழியாகப் பார்க்கலாம். வலப்புறம் மடிக்கு முன்னால் முடியில்லாத பகுதியில் ஜெல் தடவிக் கருவியை வைப்பார்கள். உண்மைச் சினையென்றால் கறுப்பு நீருக்குள் குட்டியின் துடிப்பும், நாள் ஏற ஏற வளையம் வளையமாக நஞ்சுக் குமிழ்களும் தெரியும். பொய்ச் சினையென்றால் வெறும் கறுப்பு அறைகள், நடுவே மெல்லிய சுவர்கள், கருவியை அசைத்தால் குலுங்கும். வேறொன்றுமில்லை. அன்று சந்தேகமாக இருந்தால் பத்து நாள் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு அந்த மஞ்சள் திட்டைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி. ஓரிரு நாளில் நீர் வடியும். 12 நாள் கழித்து இரண்டாவது ஊசி போட்டால் பலன் நிலைக்கிறது. மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, ஸ்கேன் செய்யாமல் இதைத் தொடவே கூடாது. வெள்ளாட்டில் சினை எந்த மாதமானாலும் இந்த ஊசி கருவைக் கலைத்துவிடும். இரண்டாவது, இது தோல் வழியாக ஊறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருந்துப் புட்டியைக்கூடக் கையாளக் கூடாது. மூன்றாவது, ஒருமுறை வந்த ஆட்டுக்கு மறுமுறையும் வரலாம், அதனால் அதன் பெயரருகே நோட்டில் குறி போடுங்கள்.

பிறவி மலடு

கொம்பில்லாத ஆடு முட்டாது, கூண்டில் சிக்காது என்று எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் சானன் போன்ற இனங்களில் கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் பெட்டைக் குட்டிகளில் சில ஆணும் பெண்ணுமல்லாமல் வளரும். கொம்பின்மையையும் இந்தக் கோளாற்றையும் ஒரே மரபணு மாற்றம் சுமக்கிறது. அடையாளம்: பிறப்புறுப்பின் கீழ்முனையில் பட்டாணி போல் துருத்தல், ஆசனவாய்க்கும் அதற்கும் இடைவெளி கூடுதல், கிடா போல முகமும் வாடையும். களிம்பு தடவிய மெல்லிய மழமழப்பான குழாயை மருத்துவர் நுழைத்துப் பார்த்தால் சில சென்டிமீட்டரிலேயே முட்டி நிற்கும். இதற்கு மருந்து இல்லை. ஜோடியில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும் (தீய்த்து நீக்கிய கொம்பும் கணக்கில் சேரும்), பிரச்சினை வராது.

கிடா, தீனி

கிடாவின் விந்து உருவாகி வெளியே வர ஏறக்குறைய இரண்டு மாதம். ஆகவே இன்றைய மலட்டுத்தனத்துக்குக் காரணம் இரண்டு மாதம் முன்பு வந்த காய்ச்சலாகவோ, மின்விசிறி கெட்டுப்போன ஒரு வாரப் புழுக்கமாகவோ இருக்கும். விரைகள் இரண்டும் சம அளவில், கெட்டியாக, கட்டியில்லாமல் இருக்க வேண்டும். வளர்ந்த கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டை, முதல் வருடக் கிடாவுக்குப் பத்துப் பதினைந்து போதும்.

பெட்டையின் இடுப்பெலும்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒன்று (மிக மெலிவு) முதல் ஐந்து (மிகக் கொழுப்பு) வரையான உடல்நிலை மதிப்பில் இரண்டரை முதல் மூன்றரைக்குள் இருக்கட்டும். கொழுத்த ஆடும் சினை பிடிக்காது. மெலிந்தவற்றுக்குக் கிடா சேர்க்க இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து தினம் 200 முதல் 300 கிராம் அடர்தீவனம் கூட்டலாம். வெள்ளாட்டுத் தாது உப்பைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள தாமிரம் செம்மறியைக் கொல்லும். இந்த ஊர் ஈரத்தில் மக்காச்சோளமும் வைக்கோலும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். சில பூசண நச்சு பெண் ஹார்மோன் போல நடித்துப் பருவத்தையே குழப்பிவிடும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

குட்டி வீசினால் (நாள் நிறையாமல் கரு கலைந்து விழுந்தால்)

முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். கிளமிடியா, கியூ காய்ச்சல், டாக்ஸோபிளாஸ்மா, புரூசெல்லா ஆகிய நான்குமே ஆட்டில் கருவைக் கலைக்கும். நான்கும் மனிதருக்குத் தொற்றும். கையுறை, முகக்கவசம், பூட்ஸ் இல்லாமல் வீசிய குட்டியைத் தொடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த உடையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். மழைக்குப் பின் சேற்றில் வெறுங்காலோடு நடப்பதும் வேண்டாம்: மெலியோய்டோசிஸ் கிருமி இங்குள்ள மண்ணிலேயே வாழ்கிறது, ஆட்டையும் கொல்லும் ஆளையும் கொல்லும்.

குட்டியையும் நஞ்சையும் இரட்டைப் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். ஆய்வுக்கு நஞ்சுதான் முக்கியம், அதைத் தூக்கியெறிந்துவிட்டுக் குட்டியை மட்டும் கொடுத்தால் பாதிப் பதில்தான் வரும். ஆட்டைத் தனியே கட்டுங்கள். பூனையைத் தீவனக் கிடங்குக்குள் விடாதீர்கள். டாக்ஸோபிளாஸ்மா அதன் எச்சம் வழியாகத்தான் வருகிறது. அடுத்தடுத்து இரண்டு ஆடு வீசினாலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அறிவிக்க வேண்டிய நோய் என்ற சந்தேகம் வந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல, கால்நடை மருத்துவச் சேவைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். தமிழ்நாட்டில் ஆடு இருந்தால் 1962-ஐ அழைக்கச் சொல்லுங்கள், நடமாடும் மருத்துவ வண்டி வரும்.

எப்போது கழிப்பது

நல்ல கிடா, சரியான நாள், மூன்று முறை சேர்த்தாயிற்று, ஸ்கேனிலும் கோளாறு இல்லை என்றால் அதற்குமேல் செலவழிக்க வேண்டாம். வயதான வெள்ளாட்டுக்குக் குட்டி போட்ட காலம் போய் வெகுநாளான பின் இரத்தம் கசிந்தால் கர்ப்பப்பைக் கட்டியாக இருக்கலாம். அந்த ஆட்டையும் மறுபடி சினைக்குச் சேர்க்காதீர்கள். ஆனால் கழிப்பதற்கு முன் பால் நோட்டைத் திறந்து பாருங்கள். நல்ல பால் இனத்து வெள்ளாடு மறுசினை இல்லாமலே இரண்டு வருடம்கூடத் தொடர்ந்து கறக்கும். நாளுக்கு இரண்டு லிட்டர் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆட்டை, சினை பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்பட்டு அனுப்ப வேண்டியதில்லை.